அஷாபி என்று கூப்பிட்ட குரல்

சிம்பியாத்துக்குப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அப்பா அம்மாவுக்கும் குடும்பத்துப் பெரியவர்களுக்கும்தான் உரிமை. பிள்ளை காய்ச்சலில் கிடந்தாலும் பரீட்சைக்குக் கிளம்பினாலும் அந்தப் பெயரை இழுத்துச் சொல்வார்கள். கேட்ட பிள்ளைக்கு உள்ளுக்குள் என்னவோ நிமிர்ந்து உட்காரும். வயதில் சின்னவன் பெரியவளை அந்தப் பெயரால் கூப்பிட்டால் கன்னத்தில் ஒன்று விழும்.

அவளுடைய வீட்டுப் பெயர் அஷாபி. அவள் என்னைவிட நான்கு வயது மூத்தவள். அதனால் நான் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பின்னாளில் லாகோஸ் முழுக்க ஆறு வயதுப் பொடிசுகள்கூட அந்தப் பெயரைக் கத்திக்கொண்டு திரிந்தபோதும், எனக்கு அவள் சிம்பி அக்காதான்.

லாகோஸின் ஷோமோலுவில் ஒரே நடையின் இரு பக்கமும் பன்னிரண்டு அறைகள் கொண்ட வீட்டில் நாங்கள் எல்லோரும் குடியிருந்தோம். ஏழாவது அறை அவர்களுடையது, எட்டாவது எங்களுடையது. அவளுடைய அப்பா முஃப்தாவு, ஒரு அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவர். அம்மா, சிம்பி அக்காவுக்குப் பத்து வயதாகும்போது துணி வாங்கிவர எல்லை தாண்டிக் கோட்டோனூ போனாள். துணி மட்டும் இரண்டு தடவை வந்தது. பிறகு அதுவும் நின்றது. அங்கே அவளுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அப்பாவும் மகளும் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தார்கள். அவர் இயந்திரத்தில் நிற்பார். இவள் தரையில் உட்கார்ந்து கல்யாண நிகழ்ச்சிநிரல்களையும் இரங்கல் சுவரொட்டிகளையும் மடித்து அடுக்குவாள். இயந்திரத்தின் தடதடப்புக்கு ஏற்றபடி ஏதாவது பாடிக்கொண்டே இருப்பாள். காகிதம் தீர்ந்தால் அவர் அவளைக் கூப்பிட வேண்டும். அந்தச் சத்தத்தில் சாதாரணமாகக் கூப்பிட்டால் கேட்காது. அதனால் முதல் இரண்டு எழுத்தையும் தாழ்த்தி, கடைசி எழுத்தை மேலே ஏற்றி அங்கேயே நிறுத்துவார். அ-ஷா-பீ. அந்தக் குரல் தெருக்கோடி வரை போகும்.

பத்தொன்பது வயதில் ஒரு விருந்து இசைக்குழுவில் பின்பாட்டுக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு தெருவை அடைத்துப் பந்தல் போடுவார்கள். வெள்ளை நாற்காலிகள், தக்காளியில் வெந்த ஜோலோஃப் சோறு, ஒரே துணியில் தைத்த உடுப்போடு இருநூறு பேர். முன்னால் தலைவர் பாட, பின்னால் மூன்று பெண்கள் ஆமாம் போட வேண்டும். அந்தக் குழுவுக்கு ஒலிபெருக்கி பார்த்தவன்தான் டோட்டுன். பேச்சு இனிக்கும். சிம்பி அக்காவின் குரல் மற்ற இரண்டு பேரையும் அமுக்கிவிடுகிறது என்று தலைவர் திட்டியபோது, அவன் அவளுடைய மைக்கைக் குறைக்காமல் மற்ற இரண்டையும் குறைத்தான். அவள் அதைக் கவனித்தாள். அவளுக்காக ஒருவன் எதையோ செய்தது அதுதான் முதல் தடவை என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

பாரிகாவில் அவன் வாடகைக்கு எடுத்த அறையின் சுவர் முழுக்க, எதிரொலியை அடக்க, முட்டை அட்டைகள். வெளியே ஜெனரேட்டர் இரைச்சல். எட்டு வருடம் பின்பாட்டுப் பாடிய பிறகு அங்கேதான் அவளுடைய முதல் பாட்டு பதிவானது. 'சில்லறையோடு ஏறு' என்று அதற்குப் பெயர். மஞ்சள் வேன் கண்டக்டர்கள் நாள் முழுக்கக் கத்துவதைத்தான் எடுத்திருந்தாள். காதலனைப் பார்த்துச் சொல்கிறாள்: என் வண்டியில் ஏறுவதானால் சில்லறையோடு ஏறு, பெரிய நோட்டை நீட்டி என்னைக் காக்க வைக்காதே, உன் மிச்சத்தைத் தேடி நான் அலைய மாட்டேன்.

மேடைக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு வந்தபோது டோட்டுன் ஒரு பட்டியலே கொண்டு வந்தான். எல்லாம் நகைக்கடைப் பெயர்போல இருந்தன. அவள் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை.

"அஷாபின்னே வெச்சுக்கறேன்," என்றாள்.

நடையில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்த முஃப்தாவு கத்தியைக் கீழே வைத்தார்.

"அது வீட்டுக்குள்ள இருக்கிற பேரும்மா. கண்ட கண்டக்டரும் சொல்றதுக்கா வெச்சோம்?"

"அந்தப் பேரச் சொல்லி நீங்க கூப்பிட்டாத்தான்ப்பா எனக்குக் குரலே வருது. வேற பேரச் சொன்னா வேற யாரோ பாடற மாதிரி இருக்கு."

"அப்ப என்னையும் மேடையில கூட்டிக்கிட்டுப் போயி நிறுத்து."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். டோட்டுன் அதைப் பிடித்துக்கொண்டான். இப்போதெல்லாம் பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் பாடகரின் பெயரை யாராவது சொல்வது வழக்கம்தானே, அதை அப்பாவே சொல்லட்டும் என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முஃப்தாவு சட்டையை இஸ்திரி போட்டு, பெருநாள் தொப்பியை வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"குரலத்தானேப்பா எடுக்கப் போறாங்க, தொப்பி எதுக்கு?" என்று சிம்பி அக்கா சிரித்தாள்.

"மைக்குக்கு ஒரு மரியாத வேணாமா?"

நானும் கூடப் போனேன். முதல் நான்கு தடவையும் அவர் குரல் மேடைப் பேச்சுபோல வந்தது. டோட்டுன் தலையில் கையை வைத்துக்கொண்டான். கடைசியில் சிம்பி அக்கா அறைக்கு வெளியே போய், ஜெனரேட்டருக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டாள். "காகிதம் தீந்துபோச்சுன்னு நெனச்சுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டார். முட்டை அட்டைகளுக்கு நடுவே அந்தக் கடைசி எழுத்து ஏறி நின்றது. வெளியிலிருந்து அவள், "வரேன்ப்பா!" என்று பதில் கொடுத்ததும் பதிவாகிவிட்டது. டோட்டுன் அதை வெட்டிவிட்டு, கூப்பிட்டதை மட்டும் வைத்துக்கொண்டான்.

பாட்டு மூன்று வாரத்தில் வேன்களுக்குள் ஏறியது. கண்டக்டர்கள் ராகத்தோடு சில்லறை கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஓஷோடியிலிருந்து வரும்போது சிம்பி அக்கா பெரிய நோட்டை நீட்ட, கண்டக்டர் அவள் யாரென்று தெரியாமலே, "அம்மா, அஷாபி பாட்டக் கேக்கலையா நீங்க?" என்றானாம். வண்டி முழுக்க அவளைப் பார்த்துப் பாடியதாம். இதை அவள் நடித்துக் காட்ட, எங்கள் நடையே சிரித்துப் புரண்டது.

அந்த வருடக் கடைசியில் டோட்டுன் ஒரு பாட்டுக் கம்பெனி தொடங்கினான். ஒப்பந்தம் போட வேண்டும் என்றான்.

ஒப்பந்தம் எங்கள் நடையில்தான் போடப்பட்டது. பெயர்சூட்டு விழாபோலப் பந்தல் போட்டோம். பெண்கள் எல்லோரும் ஒரே நீலத் துணியில் தைத்துக்கொண்டார்கள். ஆட்டுக்கறி மிளகு ரசம் மூன்று பானை. முதலில் தெரு இமாம் வந்து காகிதக் கட்டின் மேல் கையை வைத்து ஓதினார். டோட்டுன் கிறிஸ்தவன் என்பதால் அவனுடைய பாஸ்டரும் வந்திருந்தார். அவரும் கையை வைத்து, எதிரிகள் எல்லோரும் எரிந்து போகட்டும் என்று கால் மணி நேரம் ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். அதற்கப்புறம்தான் காகிதம் என்னிடம் வந்தது.

"நம்ம வீட்டுப் பட்டதாரி ஒருவாட்டி பாத்துடட்டும்," என்றார் முஃப்தாவு. பெருமையோடுதான் சொன்னார். அந்தப் பன்னிரண்டு அறைகளில் பல்கலைக்கழகம் போனவன் நான் ஒருவன்தான். சமூகவியல் முடித்து, பட்டதாரிகள் செய்தே ஆகவேண்டிய அரசாங்கச் சேவை வருடமும் முடித்து, எட்டு மாதமாகச் சும்மா இருந்தேன்.

ஏழாவது அறைக்குள் உட்கார்ந்து பதினான்கு பக்கத்தையும் படித்தேன். வெளியே மத்தளம் ஆரம்பித்துவிட்டது. ஒன்பதாவது பிரிவில் இருந்தது இது: அஷாபி என்ற பெயரும், அதை ஒட்டிய எல்லாக் குரல் பதிவுகளும், இன்று இருக்கிற கருவிகளிலும் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் கருவிகளிலும், பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும் கம்பெனிக்குச் சொந்தம். பிரபஞ்சம் என்ற சொல்லைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு திரும்பவும் படித்தேன். டோட்டுனை உள்ளே கூப்பிட்டேன்.

"அண்ணே, பேரு கம்பெனிக்குப் போகுதே?"

"அது காவலுக்குடா. கம்பெனி பேர்ல பதிஞ்சு வெச்சாத்தானே நாளைக்கு வேற எவளும் அஷாபின்னு கெளம்ப முடியாது?"

"என்றென்றைக்கும்னு இருக்கே."

"வக்கீலுங்க அப்படித்தான் எழுதுவாங்க. காவல் பாதியில போனா நல்லாவா இருக்கும்?" அவன் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஆமா, நீ இப்ப என்ன பண்ற? சும்மாதானே இருக்க? கம்பெனிக்கு இன்ஸ்டாகிராம் எல்லாம் பாத்துக்கப் படிச்ச ஆளா ஒருத்தன் வேணும். திங்கட்கிழமை வர்றியா?"

அவன் முதலில் சொன்னதை நான் நம்பினேனா, அல்லது பிறகு சொன்னதற்காக முதலில் சொன்னதை நம்பினேனா? இன்றுவரை இதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்தபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மிளகு ரசத்தின் மணம் நடை முழுக்க இருந்தது. இரண்டு சாமிகளும் ஆசீர்வதித்த காகிதத்தில் குறை இருக்கிறது என்று அந்த இடத்தில் சொன்னால், குழந்தைக்குப் பெயர் வைக்கும் நேரத்தில் அபசகுனமாகப் பேசியதுபோல ஆகிவிடும்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றேன்.

சிம்பி அக்கா கையெழுத்துப் போட்டாள். பேனாவை வாங்கி முஃப்தாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய குரலும் அதில் அடங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டரை வருடம் நன்றாகத்தான் போயிற்று. மூன்று பெரிய பாட்டுகள். அபேயோகுட்டாவில் ஒரு விளையாட்டு மைதானம் நிறைந்தது. முஃப்தாவின் குரல் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வந்தது. அச்சகத்துக்கு வருகிறவர்கள் அவரை, "ஒருவாட்டி கூப்பிட்டுக் காட்டுங்க பெரியவரே," என்று தொந்தரவு செய்வார்கள். "அவ இங்க இல்லாதப்ப எப்படிக் கூப்பிடறது?" என்று மறுத்துவிடுவார். வீடு மாறலாம் என்று அவள் சொன்னபோதும் அவர் அந்த அறையை விட்டு வரவில்லை. அவளும் மேடை இல்லாத நாட்களில் அங்கேதான் வந்து படுப்பாள்.

தேர்தல் வருடம் வந்தது. எல்லாக் கட்சிக் கூட்டங்களிலும் அவள் பாடுவாள் என்று டோட்டுன் ஒப்புக்கொண்டான். ஒரே வாரத்தில் ஆறு கூட்டங்கள். திறந்த லாரி, புழுதி, ஜெனரேட்டர் புகை. இக்கோரோடுவில் பாட்டின் நடுவே அவள் குரல் துணி கிழிவதுபோலக் கிழிந்து நின்றது. குரல் நாணில் சதை வளர்ந்திருக்கிறது, நான்கு மாதம் பேசவே கூடாது என்றார் டாக்டர்.

டோட்டுன் தர்ப்பூசணியும் ஆரஞ்சும் சுமந்துகொண்டு வந்தான்.

"ராணி, நீ ரெஸ்ட் எடு. கம்பெனி உனக்காகக் காத்திருக்கும். எத்தன மாசம் ஆனாலும் சரி."

அவளால் பதில் பேச முடியாது. இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நான்கு மாதமும் அப்பா கூப்பிட்டால் அவள் கை தட்டுவாள். அ-ஷா-பீ என்றால் உள்ளேயிருந்து இரண்டு தட்டு. வருகிறேன் என்று அர்த்தம்.

மூன்றாவது மாதம் கம்பெனியில் ஒரு புதுப் பெண்ணைப் பார்த்தேன். இபாடானிலிருந்து வந்தவள், பெயர் ரோலாகே. பதிவு அறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். யாரென்று கேட்டேன். பின்பாட்டு என்றார்கள். ஒரு வாரம் கழித்து டோட்டுன் என்னை அழைத்து, இணையத்தில் ஒரு வரி போடச் சொன்னான். 'அஷாபி திரும்பி வருகிறாள்.' படம் வேண்டாம், வெறும் எழுத்து போதும் என்றான்.

"அக்காவுக்கு இன்னும் குரல் சரியாகலையே அண்ணே?"

"அக்கா வரும்போது வரட்டும். பேரு எதுக்குப் படுத்துக் கெடக்கணும்?"

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் அந்த வரியை நான்தான் தட்டி ஏற்றினேன். நாற்பதாயிரம் பேர் இதயக்குறி போட்டார்கள். பதினொரு நாள் தினமும் எட்டாவது அறையிலிருந்து கிளம்பும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஏழாவது அறையைத் தாண்டிப் போனேன்.

பன்னிரண்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலை, சொல்லியே ஆகவேண்டும் என்று அச்சகத்துக்குப் போனேன். சிம்பி அக்கா தரையில் உட்கார்ந்து யாருடைய கல்யாண அழைப்பையோ மடித்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியாமல் பழைய வேலைக்கே வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் காட்டினாள். நான் ஏதோ வேடிக்கையாகப் பேசிக்கொண்டே இருந்தேன். சுவரில் தொங்கிய ரேடியோவில் விளம்பரம் முடிந்து முஃப்தாவின் குரல் வந்தது.

அ-ஷா-பீ.

"அஷாபி, உன் பாட்டும்மா!" என்று அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. மை படிந்த கையைத் தூக்கி எல்லோரையும் கேட்கச் சொன்னார். பிறகு பாட்டு ஆரம்பித்தது. அது அவளுக்குத் தெரிந்த பாட்டு இல்லை. குரல் மெல்லியது, நல்ல குரல். அவளுடையது இல்லை.

அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் இருக்க, அவளைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். "நான் உன்னத்தானே கூப்பிட்டேன்?" என்றார்.

சிம்பி அக்கா மடித்த அழைப்பைத் திரும்பப் பிரித்து, திரும்ப மடித்தாள். பாட்டு முடியும் வரை அந்த ஒன்றையேதான் மடித்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எழுந்து, டாக்டர் பேசக்கூடாது என்று சொன்னதை மறந்து, உடைந்த குரலில் என்னிடம் கேட்டாள்:

"டோட்டுன் ஆபீஸ்லயா இருக்கான்?"

அவள் பின்னாலேயே நானும் போனேன். டோட்டுன் ஆபீஸில்தான் இருந்தான். மறைக்கவோ பயப்படவோ இல்லை. அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, குளிர்ந்த தண்ணீர் கொடுத்தான்.

"கோவப்படாத ராணி. இது வியாபாரம். ஒப்புக்கிட்ட மேடையெல்லாம் அப்படியே கெடக்கு. உனக்குக் குரல் வந்ததும் வா, வேற பேர்ல பண்ணலாம்."

"அது எங்க வீட்டுப் பேரு."

"யாரு இல்லன்னா? ஆனா நீ எழுதிக் குடுத்திருக்கியே."

"எங்கப்பா குரலு."

"அதுவும்தான் இருக்கு. சாட்சி யாரு? அவர்தானே." பிறகு என் பக்கம் கையைக் காட்டினான். "உங்க பட்டதாரியக் கேளு. ஒவ்வொரு பக்கமா படிச்சான். என்கிட்ட வெளக்கமும் கேட்டுக்கிட்டான். ஏன்டா, கேட்டியா இல்லையா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டேன் என்று தலையை ஆட்டினேன். தண்ணீர் டம்ளரைத் தொடாமல் எழுந்து போனாள்.

அன்றைக்கே வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. விடவில்லை. ஐந்து வாரம் கழித்து, வேறு இடத்தில் ஆசிரியர் வேலை கிடைத்த பிறகுதான் விட்டேன்.

குரல் கொஞ்சம் தேறியதும் எங்கள் தெருவிலேயே ஒரு குழந்தையின் பெயர்சூட்டு விழாவுக்குப் பாட அவளைக் கூப்பிட்டார்கள். அழைப்பில் 'அஷாபி பாடுகிறார்' என்று போட்டிருந்தார்கள். அச்சானது முஃப்தாவின் இயந்திரத்தில்தான். இரண்டு நாளில் கம்பெனி வக்கீலின் கடிதம் வந்தது: அந்தப் பெயரை உபயோகித்தால் வழக்கு. முந்நூறு அழைப்பிலும் அந்த இடத்தில் வெள்ளைத் தாளைக் கீற்றாக வெட்டி ஒட்ட வேண்டியதாயிற்று. ஒட்டியவள் அவளேதான். உதவிக்குப் போய் நின்றேன். பசைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அப்பாவும் மகளும் யாபாவில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தார்கள். வாதாட இடம் இருக்கிறது, ஆனால் ஆறேழு வருடம் ஆகும் என்றாள் அவள். "அதுக்குள்ள ஜனங்களுக்கு யாரு அஷாபின்னு மனசுல பதிஞ்சிடும். தீர்ப்பு வந்து என்ன செய்யறது?"

அந்த வக்கீல் சொன்னது உண்மையா என்று பார்க்கத்தான் சிம்பி அக்கா அக்கோகா பல்கலைக்கழக நிகழ்ச்சிக்குப் போனாள் என்று நினைக்கிறேன். மாலை நிகழ்ச்சிக்கு மதியமே ஒலி சோதனை நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற மாணவிகளிடம், "நான் அஷாபி, உள்ள போகணும்," என்றாளாம். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

"அஷாபி உள்ள இருக்காங்க ஆன்ட்டி," என்றாள் ஒருத்தி, மரியாதையாகவே.

"கொஞ்சம் சாயல் இருக்குடி," என்றாள் இன்னொருத்தி. "பழைய அஷாபியோட சாயல்."

"பழசு புதுசுன்னு எல்லாம் உண்டா? மூக்கக் கீக்க மாத்தியிருப்பாங்க, அவ்வளவுதான்."

எப்படியோ பின்பக்கமாக உள்ளே போய்விட்டாள். ரோலாகே மேடைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து வாழைக்காய் வறுவல் தின்றுகொண்டிருந்தாள். சிம்பி அக்காவைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டு இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றினாள். இருபது வயதுகூட இருக்காது.

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. நீங்களே விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க. கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம்தான்..."

"எந்திரி. துணி அழுக்காகுது."

திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அந்தப் பெண் மண்டியிட்டதும் மறந்துபோயிற்று என்று சிம்பி அக்கா சொன்னாள். திரும்பி நடக்கத் தொடங்கியபோது ரோலாகே பின்னாலிருந்து கேட்டாள்:

"அக்கா, பாட்டுக்கு முன்னாடி ஒருத்தர் கூப்பிடுறாரே, அவரு யாரு?"

"ஏன்?"

"எங்கப்பா என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லக்கா. மேடையில ஏறும்போது கை காலெல்லாம் நடுங்கும். அவரு கூப்பிட்டதும் நின்னுடும். அதுக்கப்புறம்தான் எனக்குக் குரலே வருது."

சிம்பி அக்கா பின்பக்கமாகவே வெளியே வந்துவிட்டாள்.

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏழு மாதமாக அவள் என்னோடு பேசவில்லை. கொல்லையில் குழாய்க்குப் பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் வாளியோடு போய் வரிசையில் நிற்பதுபோல நின்றேன். வரிசையே இல்லை. அவளாகத்தான் ஆரம்பித்தாள், ரோலாகேயைப் பற்றி. சொல்லி முடித்துவிட்டு, சோப்பு நுரையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்:

"அன்னைக்கு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல ஏழு மாதமாக விதவிதமாக வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். முழுசாப் புரியல, வக்கீல் பாஷை, அவன் காவல்னு சொன்னான்.

"தெரியும்க்கா," என்றேன். "ரேடியோவுல வர்றதும் பதினோரு நாள் முன்னாடியே தெரியும்."

அவள் ஒரு சட்டையின் கழுத்துப்பட்டையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ வெளிய வந்தப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்டா. என்னவோ இருக்குன்னு எனக்கும் பட்டுது. நீ அன்னைக்கு வாயத் தெறந்திருந்தா உன்னத்தான் நான் திட்டியிருப்பேன். பொறாமக்காரன்னு சொல்லியிருப்பேன்."

எனக்கு நெஞ்சு லேசானது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அது வேற," என்றாள். "நீ தெறந்திருக்கணும். திட்டு வாங்கியிருக்கணும். அதுக்குத்தானே உன்னப் படிக்க வெச்சாங்க?"

வாளியை வெறுமனே குழாயடியில் வைத்தேன்.

வீட்டுக்குள்ளிருந்து முஃப்தாவு கூப்பிட்டார். அந்த அறையில் அவர் தேநீருக்குச் சர்க்கரை தேடினால்கூடக் கூப்பிடுவது அப்படித்தான்.

"அஷாபீ..."

அவள் நிமிரவில்லை. கேட்கவில்லை என்று நினைத்து, "அப்பா கூப்பிடறாரு," என்றேன்.

"கேட்டுச்சு." சட்டையைப் பிழிந்து உதறினாள். "அவரு கூப்பிட்டதும், என்னையா, ரேடியோவுல அந்தப் புள்ளையவான்னு ஒரு நொடி யோசிக்கறேன்டா. முன்னாடி எல்லாம் அந்த ஒரு நொடி இருந்ததே இல்ல. அவரு வாய மூடறதுக்குள்ள நான் எந்திரிச்சிருப்பேன்."

மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை கடைசி எழுத்து மேலே ஏறவில்லை, பாதியில் இறங்கிவிட்டது. அவரும் எதையோ யோசித்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் யாரோ கிழங்கு இடிக்கும் ஓசை மட்டும் கேட்டது. அவள் உலக்கை விழும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு உள்ளேயிருந்து வந்தது:

"சிம்பியாத்."

அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பவர் சொல்வதுபோல, தட்டையாக, எழுத்துக்கு எழுத்துக் கவனமாகச் சொன்னார்.

"வரேன்ப்பா," என்று சிம்பி அக்கா உடனே கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.